பூந்தி செய்யவில்லை

பூந்திக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது. நாய்க்கு அது கிழப்பருவம். குட்டியாக இருந்தபோது பாலவாக்கத்தில் ஒரு பைக் அதன் மேல் ஏறி இடுப்பெலும்பை நொறுக்கிவிட்டுப் போனது. அந்த வழியாக வந்த ஆரோக்கியமேரி அதைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துவந்து பிழைக்கவைத்தாள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. சமதளத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடக்கும். படி என்றால் அங்கேயே நின்றுவிடும்.

அப்படிப்பட்ட நாய் மொட்டை மாடிக்கு ஏறிப்போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அசிங்கம் பண்ணிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் இறங்கி வருகிறது என்று மயிலாப்பூர் சித்ரா பிளாட்ஸில் குடியிருந்த அத்தனை பேரும் நம்பினார்கள்.

கோடை தொடங்கியதும் ஆரம்பித்த தகராறு அது. மாடியில் யாரோ காயப்போட்ட ஜவ்வரிசி வடாமுக்கு ஒரு முழம் தள்ளி முதல் தடவை கிடந்தது. அப்புறம் வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை. வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கத்தின் தலைவர் விஜயராகவன் கணக்குத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுத்தில் வைக்காமல் விடமாட்டார். லிஃப்ட்டுக்குள் அவர் ஒட்டிய அறிவிப்பில் 'மாமிசம் உண்ணும் வளர்ப்புப் பிராணிகளின் உரிமையாளர்கள்' என்று பன்மையில் போட்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் மாமிசம் உண்ணும் வளர்ப்புப் பிராணி ஒன்றுதான். மாமிசம் சமைக்கும் வீடும் ஒன்றுதான். இரண்டாவது மாடியில் மேரி வாடகைக்கு இருந்த வீடு.

மேரி அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நான் உங்க மேல குத்தம் சொல்லலை மேடம். நாய் மேலதான் சொல்றேன்" என்றார் விஜயராகவன். "பில்டிங்ல இருக்கறது ஒரே ஒரு நாய். வேற யார் பண்ணியிருப்பா? நானா?"

"அது படி ஏறாது சார். டாக்டர் சர்டிபிகேட் வேணும்னாலும் தர்றேன்."

"நீங்க தூக்கிண்டு போகலாமே."

"தூக்கிட்டுப் போய் மாடியில விடறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?"

"அது எனக்கெப்படித் தெரியும்?" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாது என்பது போலத்தான் சொன்னார். அதுதான் மேரிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மே மாதக் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் நாய் வளர்க்கக் கூடாது. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் ஜூலைக்குள் நாயை அனுப்பிவிட வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் கூட்டத்தில் பேச முடியாது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் இருக்க முடியாது. தீர்மானத்தைப் பற்றி மேரிக்குத் தகவல் சொன்னதே, வீட்டின் சொந்தக்காரர் அய்யாதுரைதான். தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், திருச்செந்தூர்ப் பக்கம்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீ இருக்கது எனக்கு நிம்மதிதான்" என்றார் போனில். "ஆனா வாரத்துக்கு ரெண்டு போன் வருது. யாவாரத்தப் பாக்கவா, நாயப் பாக்கவா?"

நாயோடு வீடு தேடுவது என்னவென்று மேரிக்குத் தெரியும். இந்த வீடு கிடைப்பதற்கு முன் அடையாறு, மந்தைவெளி, தேனாம்பேட்டை என்று அலைந்து, 'சிங்கிளா? கிறிஸ்டியனா? நாய் வேறயா?' என்று மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவள். ஐம்பது வயதில் மறுபடியும் அந்தக் கேள்விகளுக்கு முன்னால் போய் நிற்க அவளுக்குத் தெம்பில்லை. அதைவிட, செய்யாத ஒன்றுக்காக ஓட அவளுக்கு மனமில்லை.

கொலை செய்தவனையே ஒரு தலைமுடியை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள், இதைக் கண்டுபிடிக்க முடியாதா என்று தோன்றியது அப்போதுதான்.

தி. நகரில் 'டி.என்.ஏ. பரிசோதனை செய்யப்படும்' என்று பலகை வைத்திருந்த ஒரு பரிசோதனை நிலையத்துக்குப் போனாள். முகப்பில் உட்கார்ந்திருந்த பெண் மிகவும் மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "யாருக்கு மேடம்? அப்பா, பிள்ளையா? கோர்ட் கேஸா?"

"நாய்க்கு."

"நாயோட அப்பா யாருன்னு பாக்கணுமா?"

"இல்லம்மா. ஒரு மிருகத்தோட கழிவு இருக்கு. அது என்ன மிருகம்னு தெரியணும்."

அந்தப் பெண் மேரியின் கையிலிருந்த பையைப் பார்த்தாள். "அது... இதுலயா இருக்கு?"

"ஆமா."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. அங்கே மனிதர்களுக்கு மட்டும்தான் பார்ப்பார்களாம். இன்னும் இரண்டு இடங்களில் கேட்டாள். ஒரு இடத்தில் கட்டுப்படியாகாத பணம் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் யாரோ விளையாடுவதாக நினைத்து போனை வைத்துவிட்டார்கள்.

வழி பிறந்தது அவள் வேலை பார்க்கும் இடத்தில். நந்தனத்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் மேரிக்கு வேலை. தோள்பட்டை இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாமல் வாரம் மூன்று முறை வந்துகொண்டிருந்தவர் அஸ்மத்துன்னிசா. அடையாறில் ஒரு கல்லூரியில் பேராசிரியர், விலங்குகளின் மரபணுவை ஆராய்பவர். அது மேரிக்குத் தெரியாது. அவருடைய கையைத் தூக்கிப் பின்னால் வளைத்துக்கொண்டே, மேரி மனசு தாங்காமல் தன் கதையைப் புலம்பினாள்.

"ஆ... மெதுவா மேரி! எவ்வளவு பழசு?"

"வலியா மேடம்? நீங்கதான் சொல்லணும்."

"வலி இல்ல. மாடியில கிடக்குதே, அது. காஞ்சதா, புதுசா?"

மேரி கையை விட்டுவிட்டாள்.

மலைக்காட்டில் சிறுத்தையைக் கண்ணால் பார்க்காமலே எண்ணுவதுதான் தன் வேலை என்றார் அஸ்மத்துன்னிசா. சிறுத்தை போட்டுவிட்டுப் போன எச்சத்தின் மேல்பூச்சில் அதன் குடலிலிருந்து உதிர்ந்த செல்கள் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி மரபணுவைப் பிரித்தெடுத்தால் எந்த விலங்கு, ஆணா பெண்ணா, நேற்று அடுத்த மலையில் போட்டதும் இதேதானா என்றெல்லாம் தெரிந்துவிடும். "காட்டுக்குச் செய்யறத மயிலாப்பூருக்குச் செஞ்சா ஆகாதா? எடுத்துட்டு வாங்க."

"பாத்தே சொல்லிட முடியாதா மேடம்?"

"எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ஆனா பாத்துச் சொன்னா அது என் ஊகம். உங்க பிரசிடென்ட் அதை ஒத்துக்குவாரா?"

ஒத்துக்கொள்ள மாட்டார். மேரி ஒரு நிபந்தனை வைத்தாள். முடிவு எதுவானாலும் அதன் நகல் நேரடியாக விஜயராகவனுக்கும் போக வேண்டும். தனக்குத் தெரிந்தவரிடம் எழுதி வாங்கிவிட்டாள் என்று நாளைக்கு யாரும் பேசிவிடக் கூடாது. இதை விஜயராகவனிடமும் போய்ச் சொன்னாள். "ரொம்ப முறையான காரியம்" என்று அவர் முதல் தடவையாக அவளைப் பாராட்டினார்.

முதலில் கொண்டுபோனதில் ஒன்றுமே வரவில்லை. "வெறும் வெள்ளைத் தாள் மாதிரி இருக்கு. இதுமேல என்னத்த ஊத்தினாங்க?" என்று கேட்டார் அஸ்மத்துன்னிசா. மாடியைக் கழுவும் தாயம்மாவிடம் விசாரித்தால், பிளீச்சிங் பவுடர். அது பட்டால் மரபணு மிஞ்சாது.

"நான் இன்னா பண்றது மேரிம்மா?" என்று விளக்குமாற்றைக் கீழே போட்டாள் தாயம்மா. "பவுடர் போடலன்னா பிரசிடென்ட் சாரு கத்துறாரு. போட்டா நீ கத்துறே. அத போயி டப்பால போட்டு எடுத்துக்கினு போறே, ஊரே சிரிக்குது. உனுக்கு ஓணும்னா எனுக்கு முன்னாடி வந்து எடுத்துக்கோ. பெரும்பாக்கத்துலேந்து மொத பஸ் புடிச்சி வர்றேன். எனுக்கு நாலு பில்டிங் கீது."

மேரி விடிவதற்குள் எழுந்து மாடிக்குப் போக ஆரம்பித்தாள். சில நாள் இருக்காது. வேலைக்குப் போகிற அவசரத்தில் வெறுங்கையோடு இறங்கி வருவாள். ஒருவழியாக ஒரு நாள் கிடைத்தது. கையோடு கொண்டுபோயிருந்த சின்னப் பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளி, காகித உறைக்குள் போட்டு, நேராக அடையாறுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வருகிற வழியில் டீ குடித்தாள். மனசு லேசாக இருந்தது.

முடிவு வந்த அன்று அவள் ஒரு நோயாளியின் முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தாள். போனில் மின்னஞ்சலைத் திறந்தாள். ஆங்கிலத்தில் நாலு வரி. மாதிரியில் கிடைத்த மரபணு வீட்டு நாயுடையது.

இரண்டாவது தடவை படித்தாள். மூன்றாவது தடவையும் அப்படித்தான் இருந்தது. நகல்: விஜயராகவன்.

அவள் வீடு திரும்புவதற்குள் அது லிஃப்ட்டுக்குள் ஏறியிருந்தது. தீர்மானத்துக்குக் கீழே அந்த மின்னஞ்சலை அச்செடுத்து ஒட்டி, 'குடியிருப்பாளர் தாமே செய்துகொண்ட பரிசோதனையின் முடிவு' என்று ஒரு வரி சேர்த்திருந்தார் விஜயராகவன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. முதல் மாடி மாமி லிஃப்ட்டில் மேரியைப் பார்த்ததும் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒதுங்கி நின்றாள்.

அன்று சாயங்காலம் மேரி ஒரு காரியம் செய்தாள். பூந்தியைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு லிஃப்ட்டில் போனாள். மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டின் நடுவில் ஒரு பிஸ்கட்டை வைத்தாள். "போ" என்றாள்.

பூந்தி அவள் முகத்தைப் பார்த்தது. பிஸ்கட்டைப் பார்த்தது. முன்னங்கால்கள் இரண்டையும் முதல் படியில் வைத்தது. வாலை ஆட்டியது.

"போடி. ஏறு. யாரும் பாக்காதப்ப ஏறுவியாமே. ஏறு!"

அவள் குரல் உயர்ந்ததும் நாய்க்கு என்ன புரிந்ததோ, பின்னங்காலைத் தூக்கி இரண்டாவது படிக்குத் தாவப் பார்த்தது. இடுப்பு ஒத்துழைக்கவில்லை. பக்கவாட்டில் சரிந்து, நகங்கள் தரையில் கீற, கீழே விழுந்து ஒரு சத்தம் போட்டது. இத்தனை வருஷத்தில் மேரி ஒருபோதும் அதன் வாயிலிருந்து கேட்டிராத சத்தம்.

மேரி அங்கேயே படியில் உட்கார்ந்து அதை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. ஊரெல்லாம் சொன்னபோது நம்பாதவள் நாலு வரி மின்னஞ்சலை நம்பிவிட்டாளே. அதைவிட, அந்த நாலு வரிக்கு ஏற்பாடு செய்ததும், நகல் அனுப்பச் சொன்னதும் அவள்தானே. யாரிடம் போய்க் கத்துவது?

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கல்லூரிக்கே போய் அஸ்மத்துன்னிசாவிடம் கத்தினாள்.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "எதால அள்ளினீங்க?" என்றார்.

"கரண்டியால."

"புதுக் கரண்டியா?"

அப்போதுதான் மேரிக்கு உறைத்தது. பூந்தியை வாக்கிங் கூட்டிக்கொண்டு போகும்போது எடுத்துப்போகிற கரண்டி அது. ரோட்டில் அது பண்ணுவதை அள்ளிப் போட. கழுவித்தான் வைத்திருந்தாள்.

"கழுவினா போகாதா மேடம்?"

"சோப்புப் போட்டுக் கழுவினாலும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு நிக்கும். மாடியில கிடந்ததுல ஒட்டியிருந்த செல் கம்மி, அதனால மரபணு குறைச்சல். உங்க நாயோடது புதுசு." அவர் கம்ப்யூட்டரில், மரபணுவை ஏறி இறங்கும் கோடாகக் காட்டும் பழைய பரிசோதனைப் படத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். "இங்க பாருங்க. பெரிய கோட்டுக்கு அடியில சின்னச் சின்னதா இன்னொண்ணு வருது. எங்க லேப் பசங்க இது வெறும் இரைச்சல்னு விட்டுட்டாங்க. நாய் சத்தமாப் பேசியிருக்கு. இன்னொருத்தர் கீழ முணுமுணுத்துக்கிட்டு இருந்திருக்கார்." கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க எப்படி எடுத்தீங்கன்னு நான் முதல்லயே கேட்டிருக்கணும். தப்பு என்மேலயும் இருக்கு."

"அப்ப அந்த ரிப்போர்ட் தப்புன்னு எழுதிக் குடுங்க."

"தப்புன்னு எழுத முடியாது மேரி. நாயோட மரபணு இருந்தது நிஜம்தானே? மறுபடி செய்யறேன்னுதான் எழுத முடியும்."

தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது மேரிக்கு. ஆனால் இந்தத் தடவை எல்லாம் முறையாக நடந்தது. கல்லூரியிலிருந்து பிரிக்காத கையுறை, மரக்குச்சி, கெடாமல் இருக்க ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பிகள் கொடுத்தார்கள். சாட்சியாக யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு மேரியிடம் ஒரே பதில்தான் இருந்தது.

விஜயராகவன் வந்தார். அதை மட்டும் சொல்லத்தான் வேண்டும். விடியற்காலை தூறலில், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, குடையோடு மாடியேறி வந்தார். மழையில் கரைந்துவிடாமல் அந்தப் பொருளுக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடி நின்றார். தாயம்மா வாளியோடு ஓரமாக நின்று, "சீக்கிரம் ஆவட்டும் சார், எனுக்கு அடுத்த பில்டிங் போவணும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். குப்பிகளை மூடியதும் ஒட்டின தாளின் மேல் பாதியும் குப்பியின் மேல் பாதியுமாக விழும்படி விஜயராகவன் கையெழுத்துப் போட்டார். "இப்படிப் போட்டாத்தான் நடுவுல யாரும் திறக்க முடியாது" என்று விளக்கினார். அந்த நிமிஷத்தில் மேரிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

"ஒரு குப்பியை நாம இங்கயே வெச்சுக்கறது நல்லது. உங்க ஃபிரிட்ஜ்லயே இருக்கட்டும்" என்றார். "எங்காத்துல வெச்சா நான் வெளியிலதான் படுத்துக்கணும்."

அஸ்மத்துன்னிசா இந்தத் தடவை தாமே போன் செய்தார். குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. "மரநாய் மேரி! சுத்தமா, சந்தேகமே இல்லாம மரநாய்! பூனை மாதிரி இருக்கும், நீளமான வால், ராத்திரி வெளிய வரும். ஒரே இடத்துல போட்டு இது என் எல்லைன்னு அடையாளம் வெக்கும். நகரத்துக்குள்ள எத்தனை இருக்கு, கிண்டிக் காட்டுல இருக்கறதும் உங்க மாடிக்கு வர்றதும் ஒரே சொந்தமான்னு யாரும் பாத்ததில்ல. எனக்கு இன்னும் ஒரு பத்து மாதிரி எடுத்துத் தரீங்களா?"

"உங்களுக்கு சந்தோஷம் மேடம். எனக்கு வீடு போகுது" என்றாள் மேரி. பிறகு, அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமே என்று நினைத்து, "ரிப்போர்ட்ட தமிழ்ல எழுதித் தாங்க. எல்லாருக்கும் புரியணும்" என்றாள்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு தி. நகர் பாத்திரக் கடைக்குப் போனாள். எவர்சில்வர் அண்டாக்களுக்கு நடுவே அய்யாதுரை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"அண்ணாச்சி, நான் கூட்டத்துல பேச முடியாது. நீங்க வந்து இதைப் படிச்சா போதும்."

"நாயோ மரநாயோ, எனக்கு வர்ற போனு நிக்கப் போறதில்லம்மா."

"எனக்காக வர வேணாம் அண்ணாச்சி. உங்க வீட்டுல இருக்கறவங்களால மாடி நாறுதுன்னு எழுதி ஒட்டியிருக்காங்க. அது உங்க வீடு."

அய்யாதுரை கண்ணாடியைக் கழற்றினார். "அப்பிடியா எழுதியிருக்கு? என்னைக்கு கூட்டம்?"

ஞாயிற்றுக்கிழமை காலை கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். மேரி தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். நிற்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை. அய்யாதுரை எழுந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல் அறிக்கையைப் படித்தார். "'...எனவே இந்த மாதிரி மரநாயினுடையது என்று உறுதி செய்யப்படுகிறது.'"

முன்வரிசையில் ஒருவர், "அப்போ நாய்தானே? அதைத்தானே நாங்களும் சொல்லிண்டிருக்கோம்!" என்றார்.

"அது என்ன ஜாதி நாய்? ராஜபாளையம் மாதிரியா?" என்றார் இன்னொருவர்.

"மரம் ஏறற நாய்னா படி ஏறாதா?" என்றாள் முதல் மாடி மாமி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தமிழில் எழுதித் தரச் சொன்னதும் மேரிதான். "அது நாயே இல்லங்க! பேருதான் நாய்!" என்று தூணருகிலிருந்து கத்தினாள்.

"மேடம், வாடகைக்காரா பேசப்படாது" என்றார் விஜயராகவன். உடனே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "ஆனா அவா சொல்றது சரி. இது நாய் வர்க்கமே கிடையாது. புனுகுப் பூனை கேள்விப்பட்டிருப்பேளே, அந்த மாதிரி. நான் நேத்தே நெட்ல படம் தேடிப் பாத்துட்டேன். சாம்பிள் எடுத்தப்ப நானே பக்கத்துல நின்னேன்" என்றார்.

அவர் சொன்னதும் நம்பினார்கள். மூன்று மாதமாக மேரி சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட விஷயம், அவர் வாயால் அரை நிமிஷத்தில் முடிந்துபோனது. உடனே பேச்சு அதைப் பிடிப்பது எப்படி என்பதற்குத் தாவியது. கூண்டு வைக்கலாமா, மருந்து வைக்கலாமா? அது பாதுகாக்கப்பட்ட விலங்கு, வனத்துறையைக் கேட்காமல் தொட்டால் வழக்காகிவிடும் என்று அறிக்கையின் அடியில் இருந்ததை அய்யாதுரை படித்ததும், "இதையெல்லாம் யார் பரிசோதனை பண்ணச் சொன்னா? தெரியாம இருந்திருந்தா விரட்டியாவது விட்டிருக்கலாம்" என்று ஒருவர் மேரியை முறைத்தார்.

"நம்ம தீர்மானத்துக்கு வாங்க" என்றார் அய்யாதுரை.

விஜயராகவன் எழுதி வைத்திருந்ததை வாசித்தார். "'வளர்ப்பு நாய் மீதான புகார், போதிய ஆதாரம் இல்லாத காரணத்தால் கைவிடப்படுகிறது. மே மாதத் தீர்மானம் நிறுத்தி வைக்கப்படுகிறது.'"

"போதிய ஆதாரம் இல்லைன்னா என்ன சார் அர்த்தம்?" மேரி தூணை விட்டு முன்னால் வந்துவிட்டாள். "செஞ்சிருக்கும், மாட்டிக்கலன்னு அர்த்தம். பூந்தி செய்யவில்லைன்னு எழுதுங்க. ரெண்டே வார்த்தை."

"அதெப்படி மேடம் எழுத முடியும்? டெஸ்ட் பண்ணினது ஒரு நாளைக்குண்டானது. மத்த நாளெல்லாம் எது பண்ணித்துன்னு யாருக்குத் தெரியும்?"

கணக்கில் அவர் சொல்வது சரி. அஸ்மத்துன்னிசாவிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். எதிரில் நிற்கிற மனிதர் பொய் பேசினால் சண்டை போடலாம். சரியாகப் பேசிக்கொண்டே அநியாயம் செய்பவரை என்ன செய்வது?

"சார், அந்தப் புள்ள கேக்கது ஒரு வரி" என்றார் அய்யாதுரை. "போட்டாத்தான் என்ன கொறஞ்சு போகும்?"

கை தூக்கச் சொன்னார்கள். அய்யாதுரையோடு சேர்த்து மூன்று பேர் தூக்கினார்கள். அந்த வரி ஏறவில்லை. அடுத்தது தண்ணீர் மோட்டார் பழுது என்றார் விஜயராகவன்.

வாசலில் ஆட்டோவுக்கு நின்ற அய்யாதுரை, "விடும்மா. வீடு நின்னுட்டுல்லா? ஜெயிச்சிட்ட" என்றார்.

"வீடு நின்னுச்சு அண்ணாச்சி. நன்றி. ஜெயிக்கல."

அவர் தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார். மேரி படியேறித்தான் வீட்டுக்குப் போனாள். லிஃப்ட்டில் யாரோடும் நிற்கப் பிடிக்கவில்லை. மதியம் நெத்திலி வறுத்தாள். ஜன்னலை வேண்டுமென்றே திறந்து வைத்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு காலை, அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் விஜயராகவன்.

"மறுபடியும் மாடில பண்ணி வெச்சிருக்கு" என்று ஆரம்பித்தவர், தானே நிறுத்திக்கொண்டார்.

"பூந்தி உள்ள தூங்குது. வந்து பாக்கறீங்களா?"

"இல்லை, இல்லை. அதைச் சொல்ல வரலை." கையைப் பிசைந்தார். "எல்லாரும் எனக்கு போன் பண்றா. நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? அதான்... கால் தன்னால இங்க வந்துடுத்து."

மேரிக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

"குப்பைத் தொட்டிய மூடி வைங்க, மாடி மேல சாஞ்சிருக்கற வேப்பங்கிளைய வெட்டுங்க, மரநாய் வர்றது குறையும்னு புரபசர் மேடம் ரிப்போர்ட்லயே எழுதியிருந்தாங்க சார். படிச்சீங்களா?"

"முதல் பக்கம் படிச்சேன்."

"அடுத்த பக்கத்தையும் படிங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். கொஞ்சம் பலமாகவே சாத்தினாள். பிறகு, நேரமாகிவிட்டதே என்று, நாயின் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற உள்ளே போனாள்.